பின்னால எடம் இருக்கா?

தெர்மோஸில் காபி ஆறாமல் இருக்க வேண்டுமென்றால், முதலில் கொதிநீரை ஊற்றிக் குலுக்கிக் கொட்டிவிட வேண்டும். பலருக்கு இது தெரிவதில்லை. தெர்மோஸைக் குறை சொல்வார்கள். அன்று விடிவதற்கு முன் எழுந்து அதைத்தான் முதலில் செய்தேன், மெரிடித். ஷெரிஃப் ஆபீஸ் போலீசான உனக்கு ஆயிரம் வேலை இருக்கும். இருந்தாலும் எதையும் விடாமல் சொல்லச் சொன்னாய், சொல்கிறேன்.

அக்டோபரில் பொன்கழுகுகள் வடக்கிலிருந்து நம் மலைமுகட்டை ஒட்டித் தெற்கே போகும். இந்த போஸ்மன் ஊரிலேயே பிறந்து வளர்ந்த உனக்கு இது தெரியாததல்ல. என் கணவர் எல்டனுக்கு, மலையேறி அவற்றைப் படம் எடுக்கிற அந்த ஒரு நாள்தான் பண்டிகை. கல்யாணமான வருடத்திலிருந்து நானும் கூடவே போகிறேன். கேமராப் பை அவருக்கு. முக்காலி, சாப்பாடு, ஆந்தை எல்லாம் எனக்கு.

பிளாஸ்டிக் ஆந்தைதான். கழுகுக்கு ஆந்தையைக் கண்டாலே ஆகாது. ஒரு கம்பத்தின் உச்சியில் கட்டி நட்டுவிட்டால், உயரத்தில் போகிற கழுகு அடிக்கக் கீழே பாயும். கழுகுகளை எண்ணுகிறவர்களும் அப்படித்தான் நடுகிறார்கள். அவர்களோடு சேர்ந்து நிற்பது எல்டனுக்குப் பிடிக்காது. எங்களுக்கென்று தள்ளி ஒரு முகடு உண்டு. மேற்கு ஓரத்தில் ஆந்தை. அதற்குக் கிழக்கே நல்ல அகலமான தட்டைப் பாறை. அது முடிகிற இடத்தில் செங்குத்தாகப் பள்ளம்.

அவருடைய லென்ஸ் நீளமானது. பக்கத்தில் நின்றால் கழுகின் இறக்கை முழுதாகப் படத்தில் அடங்காது. அதனால் ஆந்தையிடமிருந்து கிழக்கே, அந்தத் தட்டைப் பாறை மேல் பின்பக்கமாகவே நடந்து போவார். கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்க மாட்டார். எடுக்கிற நொடியில்தான் கழுகு வரும் என்பார். காலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பது என் வேலை.

"பின்னால எடம் இருக்கா?" என்று கேட்பார்.

"இருக்கு" என்பேன். இல்லாவிட்டால் "நில்லு" என்பேன். இத்தனை வருடத்தில் நான் தப்பாகச் சொன்னதே இல்லை. சுவரில் மாட்டிய படங்களைப் பார்க்க வருகிறவர்களிடம் அவரே இதைப் பெருமையாகச் சொல்வார். "என் முதுகுல கண்ணு இருக்கு, பேரு நோரீன்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் கேக் வெட்டிக்கொண்டே சிரிப்பேன்.

அவர் கெட்டவர் இல்லை. என்னை ஒருநாளும் கைநீட்டி அடித்ததில்லை. என் தங்கை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "கழுகு ஞாயித்துக்கிழமை வரைக்கும் காத்திருக்காது, உன் தங்கச்சி காத்திருப்பா" என்றார். தங்கை காத்திருக்கவில்லை. அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. வைத்துக்கொண்டிருந்தால் அப்போதே ஏதாவது செய்திருப்பேன், இல்லையா?

எனக்கு அலுப்பு, அவ்வளவுதான். முட்டி வலி, தோள் வலி, இருட்டில் எழுந்து ரொட்டிக்கு வெண்ணெய் தடவுகிற அலுப்பு. அடுத்த அக்டோபரும் வருமே என்கிற அலுப்பு.

அன்று புதுப் பனி விழுந்திருந்தது. பாறை எது, ஓரம் எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே வெள்ளை. இரண்டு பக்கமும் கீழே மேகம் அடைத்துக் கிடந்தது. மேலே ஏறியதும் எல்டன், "நான் போய் உப்புப் போட்டுட்டு வரேன்" என்று ஒரு பாறைக்குப் பின்னால் ஒதுங்கினார். அது அவருடைய பழைய ஜோக். சிறுநீரில் இருக்கிற உப்பை நக்க மலையாடுகள் வரும். கழுகு ஏமாற்றினாலும் ஆடாவது படத்துக்குக் கிடைக்கும்.

அந்த நேரத்தில்தான் நான் எப்போதும் கம்பத்தை நடுவேன். அன்றும் நட்டேன். மேற்கு ஓரத்தில் இல்லை, முகட்டின் நடுவில். கல்லை நகர்த்தி, குழி பறித்து, சுற்றிலும் கல் அடுக்கி, ஆடாமல் நிற்கிறதா என்று பார்த்தேன். அரைகுறையாகச் செய்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. காலடித் தடங்களைப் பனியைத் தள்ளி மூடினேன்.

அவர் பேண்ட்டைச் சரிசெய்துகொண்டே வந்தார். ஒரு கல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். "கிழவி, இந்த முட்டியோட அடுத்த வருஷம் ஏற முடியாது. இதோட நிறுத்திக்கலாம். கேமராவ வித்துட்டு உன்னை எங்கயாவது கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நானும் யோசித்தேன், மெரிடித். நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரி இல்லை. ஆனால் கம்பத்தை நட்டாகிவிட்டது. மறுபடி அந்தக் கல்லையெல்லாம் எடுத்து, பிடுங்கி, பழைய இடத்தில் குழி பறிப்பதென்றால் எவ்வளவு வேலை. எனக்குத் தெம்பில்லை.

கொஞ்ச நேரத்தில் வடக்கே ஒரு புள்ளி தெரிந்தது. "வருது, வருது, பெருசு" என்று கேமராவைத் தூக்கிக்கொண்டார். கழுகு இறக்கையை மடக்கிப் பாய்ந்தது. அவர் பின்னால் நடந்தார்.

"நோரீன், பின்னால எடம் இருக்கா?"

"இருக்கு" என்றேன்.

இன்னும் சில அடி போனார். "இருக்கா?"

"இருக்கு. நிறைய இருக்கு."

அவர் கத்தவில்லை. கேமராவின் சத்தம் மட்டும் படபடவென்று கேட்டுக்கொண்டே போய் நின்றது. கழுகு ஆந்தையை ஒரு அடி அடித்துவிட்டு அதன் வழியில் போயிற்று. நான் கம்பத்தைப் பிடுங்கி வழக்கமான இடத்தில் நட்டேன். அதற்குத் தெம்பு எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. காபி நல்ல சூடாக இருந்தது. குடித்துவிட்டு இறங்கி வந்து உங்களுக்கு போன் செய்தேன்.

நீங்கள் எல்லோரும் விபத்து என்றுதான் எழுதிக்கொண்டீர்கள். என்னை வீட்டில் விடும்போது நீ மட்டும் கையைப் பிடித்து, "ரொம்பக் களைச்சுப் போயிருக்கீங்க, கொஞ்சம் படுங்கம்மா" என்றாய். கல்யாணமான பிறகு யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. அதனால்தான் உன்னைக் கூப்பிட்டு இதைச் சொல்கிறேன்.

இப்போது என்ன கேட்டாய்? "மலைக்கு வரலை, முடியலைன்னு அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா?"

சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் மனசு கஷ்டப்படுமே.