மூன்று தட்டு

செல்லசாமி பொருத்திய ஹெட்லைட்டை நோர்வூட்டில் போட்டால் நுவரெலியாவில் சேவல் கூவும்.

சொன்னது வேறு யாருமில்லை, செல்லசாமியேதான். இரவு எட்டரை மணி. ரோட்டோரத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவம். உள்ளே நனைந்த கோழிகள் மாதிரி ஒடுங்கிக் கிடந்த பதினைந்து பேர். அவர்களுக்கு நடுவில் நின்று, முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையாமல் சொன்னார்.

"ஒரு சேவல் இல்ல... ஊர்ச் சேவல் அம்புட்டும்."

யாருக்கும் சிரிக்கத் தெம்பில்லை. ஹட்டனிலிருந்து வந்த கடைசி பஸ் வெளியே வளைவில் நின்றிருந்தது. முன்னால் ரோட்டில் மண் சரிந்து கிடந்தது. மண் அள்ளும் மெஷின் "இந்தா வருது" என்று சொல்லி மூன்று மணி நேரம். மழை விடவில்லை. போன்களில் சார்ஜ் இல்லை. நோர்வூட்டில் சாமான் கடை வைத்திருக்கும் பைஸர் நானாவின் போன் மட்டும் ஒரு மூலையில் மங்கலாக எரிந்தது. அவருடைய பிளாஸ்கில் இருந்த பிளேன்டியும் ஆளுக்கு ஒரு வாய் என்று தீர்ந்துவிட்டது.

"சொல்லுங்கண்ணே, மெஷின் வர்ற வரைக்கும் பொழுது போகணும்ல" என்றார் பைஸர். "கதையா, நெசமா?"

"நெசம். நாலு வருசத்துக்கு முன்ன நடந்தது. அதுவும் நம்ம நாகலெட்சுமி மருமகனுக்கு. ஆளு இங்கதான் இருக்கு, கேட்டுக்கங்க."

நாகலெட்சுமி வாசலுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தாடை மட்டும் மெல்ல அசைந்துகொண்டிருந்தது. திரும்பாமலே சொன்னாள்.

"நட்டு சரியா இறுக்கல. அம்புட்டுத்தான் கத."

செல்லசாமியை நாலு வருடமாக அறுத்துக்கொண்டிருப்பது இந்த ஒரு வாக்கியம்தான். தேயிலை பாக்டரியில் முப்பத்தெட்டு வருடம் பிட்டராக இருந்த மனிதர். அவர் இறுக்கியதில் தானாகக் கழன்றது அவருடைய பற்கள் மட்டுமே. நாகலெட்சுமி சொல்வது உண்மையென்றால் அவர் வேலை பொய். அவர் வேலை உண்மையென்றால்... அன்றைக்கு வந்தது பேய். செல்லசாமி பேயின் பக்கம் நின்றார். வேறு வழி?

"கேளுங்க" என்று குந்திக்கொண்டார்.

நாகலெட்சுமியின் மகள் லோஜினிக்கு அப்போது நிறைமாதம். மருமகன் ஜீவராஜிடம் இருந்தது ஒரு பழைய நூறு சிசி பைக். அதன் ஹெட்லைட், மெழுகுவர்த்திக்குத் தங்கச்சி. இவர்கள் குடியிருந்த லயத்துக்கு இருட்டிய பிறகு ஆட்டோக்காரன் ஏறி வரமாட்டான். பகலில் வந்தாலும் முனகிக்கொண்டேதான் வருவான். வலி எடுத்தால் அந்த பைக்கில்தான் டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு இறக்க வேண்டும். பனி இறங்கினால் முன் சக்கரமே தெரியாத ரோடு, ஒரு பக்கம் முழுக்கப் பள்ளம். அதனால் ஜீவராஜ் எங்கேயோ அலைந்து, பழைய ஜீப் ஒன்றின் உருண்டை ஹெட்லைட்டைத் தூக்கிக்கொண்டு செல்லசாமியிடம் வந்தான்.

"அது எவ்வளவு பெருசு தெரியுமா? அண்டா! ரெண்டு பேருக்குச் சோறு பொங்கலாம்."

"போன வாட்டி சொன்னப்போ ஒரு ஆளுக்குத்தான் பொங்கினீங்க" என்றது சுவர்ப்பக்கத்துக் குரல்.

"அரிசி வெல கொறஞ்சிருச்சு, தங்கச்சி!"

இரண்டு பேர் சிரித்தார்கள். செல்லசாமிக்கு அது போதும்.

பைக்கின் பழைய விளக்கு சதுரம், புதியது வட்டம். பைக்கில் விளக்கைத் தாங்கும் இரும்புக் காதுகளுக்கு நடுவே அது நுழையவே நுழையாது. புதுக் காதுகள் செய்ய வேண்டும். பிஸ்கட் பெட்டி அட்டையை வெட்டி, வைத்துப் பார்த்து, மறுபடி வெட்டி அளவு பிடித்தார். இரும்புக்கு பாக்டரிக்குப் பின்னால் பழைய சாமான் குவியலைக் கிளறினார். எந்தெந்தத் தோட்டத்திலிருந்தோ வந்து சேர்ந்த கழிவுகள். அடியில் ஒரு தகடு கிடைத்தது. விரல் தடிப்பு. மேலே தொங்கவிட ஒரு ஓட்டை. அந்தக் காலத்தில் பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள்களைக் கூப்பிட்டு நிறுத்திப் பேர் போடுவதற்கு, தட்டுகிற தகடு.

"வெள்ளக்காரன் காலத்து இரும்பு! வாள் வச்சா வாள் அழுவுது. நாலு ஹெக்ஸோ பிளேடு ஒடஞ்சிச்சு. நாலு என்ன... பதினாலு!"

அறுத்து, சூடாக்கி, வளைத்து, அரம் போட்டு, முன் சக்கரத்தைத் தாங்கும் முள்ளுச் சட்டத்தில் கவ்வப் பிடி செய்து வெல்டிங் வைத்தார். கடைசியாகச் சுத்தியலை எடுத்துத் தட்டிப் பார்த்தார். பிட்டர்களின் பழக்கம் அது. நல்ல வெல்டிங் மணி மாதிரி பேசும். கெட்டது தகரம் மாதிரி இருமும்.

"பேசிச்சு பாருங்க... ணங்... ணங்... ணங்..."

நாகலெட்சுமியின் தாடை நின்றது.

"எத்தன தட்டு தட்டுனீங்க?"

இதை அவள் இதுவரை கேட்டதே இல்லை. செல்லசாமி விரலை மடக்கிப் பார்த்தார். "மூணு. ஏன்?"

அவள் தாடை மறுபடி அசையத் தொடங்கியது.

"வெத்தல ஒரு வாய் இருந்தா நமக்கும் குடுங்களேன், குளிருக்கு" என்று பைஸர் கை நீட்டினார். அவள் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள். கஞ்சப் பொம்பளை என்று நினைத்துக்கொண்டார் செல்லசாமி.

நட்டுகளை இறுக்கிய பிறகு, மனைவி நகத்துக்குப் பூசும் சிவப்பு கியூடெக்ஸை எடுத்து, நட்டில் தொடங்கித் தகடு வரை ஒரே கோடாக இழுத்துவிட்டார். நட்டு மயிரிழை திரும்பினாலும் கோடு ரெண்டாக உடைந்து காட்டிக் கொடுத்துவிடும். வயரை பேட்டரிக்குக் கொடுக்கவில்லை. பேட்டரியே செத்துக் கிடந்தது. இன்ஜின் ஓடினால் லைட் எரியும், இன்ஜின் நின்றால் லைட்டும் நிற்கும்.

"இத மட்டும் நல்லா ஞாபகம் வச்சுக்கங்க" என்றார். குரலைத் தணித்தார்.

ஏழாம் நாள். விடிய நாலே முக்கால். ஆள் நடமாட்டமே இல்லாத இதே ரோடு. இரவெல்லாம் மழை. லோஜினிக்கு வலி எடுத்துவிட்டது. ரோடு எங்காவது உடைந்திருக்கிறதா என்று பார்க்க, நாகலெட்சுமி டார்ச்சோடு குறுக்குப் பாதையில் முன்னால் இறங்கியிருந்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஜீவராஜ் மனைவியைப் பின்னால் உட்கார வைத்து, சேலையால் தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு பைக்கை எடுத்தான். பனி. சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி பனி. அந்த ஹெட்லைட் மட்டும் அதைக் கிழித்துக்கொண்டு போனது.

இந்த வளைவு. பஸ் நிற்கிறதே, அதே இடம். வரிசையாக மூன்று குழி.

சக்கரம் முதல் குழியில் இறங்கியது... ணங்.

இரண்டாவது... ணங்.

மூன்றாவது...

இன்ஜின் நின்றது.

மழைச் சத்தம்கூட நின்ற மாதிரி இருந்ததாம். லோஜினியின் மூச்சு மட்டும் அவன் பிடரியில். கிக்கரை உதைத்தான், உதைத்தான், உதைத்தான்... ஒன்றுமில்லை. இருட்டாகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

"லைட்டு எரியுது" என்றார் செல்லசாமி. "இன்ஜின் செத்துக் கெடக்கு... லைட்டு எரியுது."

யாரோ காலை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

ஹேண்டில் நேராகத்தான் இருந்தது. அந்த உருண்டை மட்டும்... கிர்ர்... கிர்ர்... என்று இரும்பு அரைபட, தானாக இடது பக்கம் திரும்பியது. கிழவி தலையைத் திருப்புகிற மாதிரி மெதுவாக. திரும்பி இந்த மடுவத்து வாசலில் நின்றது. பச்சைக் கொழுந்து வாசம் குப்பென்று அடித்ததாம். அதோடு நனைந்த கம்பளி வாசம். வெளிச்சத்தில்...

"எரநூறு பேரு!" செல்லசாமி எழுந்தே விட்டார். "கூட, சாக்கு, வெறுங்காலு! வெள்ளக்காரன் காலத்து ஆளுக. வரிசையா, ஒருத்தர் முதுகுல ஒருத்தர் சாஞ்சுக்கிட்டு... அம்புட்டு அசதி. முன்னால தொப்பி போட்ட தொரை, குதிர மேல! குதிர மூக்குலருந்து பொக!"

"குதிரைக்கு லாடம் அடிச்சதும் நீங்கதானாண்ணே?" என்றாள் நாகலெட்சுமி.

இந்த முறை எல்லாரும் சிரித்தார்கள். செல்லசாமியும் சிரித்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி குந்தினார்.

"சரி. குதிர கெடக்கட்டும். ஜீவராஜ் கண்ண இறுக மூடிக்கிட்டான். அப்ப ஒரு கொரலு. பொம்பளக் கொரலு. அதட்டலா, பேர் பேராக் கூப்புடுது. ஒரு பேரு... ஒரு இடைவெளி. ஒரு பேரு... ஒரு இடைவெளி. லோஜினி அந்த வலியிலயும் 'யாருங்க அது'ன்னு கேட்டிருக்கா. அவன் தெறக்கல. கொஞ்ச நேரத்துல கொரலு நின்னுச்சு. ஒத்த ஒத, இன்ஜின் புடிச்சுக்கிச்சு. ஆஸ்பத்திரி வாசல்ல இறக்கி அஞ்சு நிமிசம் இல்ல... பொம்பளப் புள்ள. நேரம் போயிருந்தா ரெண்டு உசுரும் இல்லன்னு சொன்னாங்களாம்."

அன்று மாலையே ஜீவராஜ் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தான். ஓட்டி வரவில்லை, தள்ளிக்கொண்டு வந்தான். 'கழட்டிருங்கண்ணே' என்றான். செல்லசாமி குனிந்து பார்த்தார். விளக்கு இடது பக்கம் திரும்பியபடியே இருந்தது. இரும்பு அரைத்த தழும்பு இருந்தது. நாலு நட்டிலும் சிவப்புக் கோடு நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. ஒன்றுகூட உடையவில்லை.

"இப்ப சொல்லுங்க. நட்டு லூசா?"

பைஸர் நானாவின் போன் ஒருமுறை மின்னி மங்கியது. தகரக் கூரையில் மழை. செல்லசாமி வெற்றியோடு சுவர்ப்பக்கம் பார்த்தார். வழக்கமான பதில் வரும் என்று காத்திருந்தார். அது வந்தால் திருப்பிக் கொடுக்க ஒன்று தயாராக வைத்திருந்தார்.

வரவில்லை.

"உங்க நட்டுல கொறையில்லண்ணே" என்றாள் நாகலெட்சுமி.

செல்லசாமி நாலு வருடமாகக் கேட்க ஆசைப்பட்ட வாக்கியம். கேட்டபோது முதுகுத்தண்டில் தண்ணீர் இறங்கியது.

"எரநூறு இல்ல. பதினொண்ணு. தொரையும் இல்ல, குதிரையும் இல்ல. அசதி மட்டும் நீங்க சொன்னது சரி."

"தங்கச்சி... நீ எப்படி..."

"ரோட்டப் பாக்க வந்தவ மழைக்கு இங்கதான ஒதுங்கி நின்னேன். இந்தா, இதே எடம். ணங், ணங், ணங்... மூணாவது தட்டுக்கு வாசல்ல வந்து வரிசையா நின்னுச்சுக. என்னையே பாத்துக்கிட்டு."

குரலில் பயமில்லை. நாள் முழுக்க மலை ஏறி இறங்கிய ஆள் பேசுகிற மாதிரி பேசினாள்.

"அது வெள்ளக்காரன் காலத்துத் தகடு இல்லண்ணே. நான் தட்டுன தகடு. இந்தத் தோட்டத்துக்கு வர்றதுக்கு முன்ன, பொகவந்தலாவப் பக்கம் நான் கங்காணி. யார்கிட்டயும் சொன்னதில்ல. மகளுக்கு மட்டும் தெரியும். மழ நாளு. மூணு தட்டுத் தட்டுனேன், புள்ளைக வந்து நின்னுச்சுக. புதுசா ஒரு புள்ள, அன்னைக்குத்தான் கொழுந்துக்கு வந்துச்சு. பேரச் சொல்லிச்சு. எழுதலாம்னு பாத்தா புத்தகம் ஆபீஸ்ல. 'இங்கயே நில்லுங்க, யாரும் போகக் கூடாது'ன்னு சொல்லிட்டு எடுக்கப் போனேன். திரும்பி வந்தா... மலை இல்ல. கணக்குல செத்தது பத்துப் பேருன்னு எழுதுனாங்க. அந்தப் புள்ளயக் கேட்டு யாரும் வரல."

மழை கொஞ்சம் தணிந்தது. அது இன்னும் மோசமாக இருந்தது.

"பேர் போடாம, போகச் சொல்லாம நான் விட்டுட்டு வந்த பெரட்டுண்ணே. தகடு எங்க தட்டுதோ அங்க வந்து நிக்கத்தான செய்யும்? அதுகளுக்குப் பின்னால ரோட்டுல மக வலில துடிக்கிறா, மருமகன் கண்ண மூடிக்கிட்டு நிக்கிறான். நான் பழைய கொரல்ல ஒவ்வொரு பேராக் கூப்புட்டேன். 'பேர் போட்டாச்சு, வீட்டுக்குப் போ'ன்னேன். ஒவ்வொண்ணாத் திரும்பிப் போச்சுக. பத்துப் பேரும்..."

"பதினொண்ணாவது?" என்றார் செல்லசாமி.

"வண்டி ஸ்டார்ட்டாச்சு. அந்தப் புதுப் புள்ள வழிய விட்டு ஒதுங்கிக்கிச்சு, நல்ல புள்ள. ஆனா போகல. அது பேரு எனக்கு மறந்துபோச்சு. நாந்தான இங்கயே நில்லுன்னு சொன்னேன்."

வாசல் பக்கமிருந்து பச்சைக் கொழுந்து வாசம் வந்தது. மூன்று நாளாக மழையில் யாரும் கொழுந்து பறிக்கவில்லை. பதினைந்து பேரில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பைஸர் மெல்லப் போனைத் தூக்கி நாகலெட்சுமியின் முகத்துக்கு நேராகப் பிடித்தார். அவள் வாயைத் திறந்து காட்டினாள். வெற்றிலை இல்லை. பாக்கு இல்லை. உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"பேருதான் நானா. நாலு வருசமா ஒண்ணொண்ணாச் சொல்லிப் பாக்குறேன்" என்றாள். "ஒண்ணுக்கும் திரும்ப மாட்டேங்குது."