தானாக முளைத்த தென்னை

எனக்கு இனிப்பு அவ்வளவாகப் பிடிக்காது. இனிப்பைச் சோதிக்கிற ஆய்வகத்தில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன் என்றால் சிரிப்பீர்கள், சார். நாங்கள் நாக்கால் சோதிப்பதில்லை. மனித செல்களில் நாக்கின் இனிப்பு உணரியைப் பொருத்தி, புதுச் சுவையூட்டியை அதன்மேல் விடுவோம். இனித்தால் செல் ஒளிரும். அந்தச் செல் எதுவும் சாப்பாட்டில் சேராது. ஊரில் யாரும் இதை நம்புவதில்லை, அது வேறு விஷயம்.

நாங்கள் வைத்திருந்தது வெளிநாட்டுச் செல். எப்போதோ கலைந்த ஒரு கருவிலிருந்து எடுத்து, இன்றுவரை பெருக்கிக்கொண்டே இருக்கிறார்கள். கூட வேலை பார்க்கும் மலையாளிப் பையன் ஜிபி அதைத் தொட மாட்டேன் என்றான்.

"அந்த அம்மாகிட்ட யாராவது சம்மதம் வாங்கினாங்களா, சேட்டா?"

நியாயமான கேள்வி. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பெயர்கூடத் தெரியாத ஒருத்தியின் கருவை வைத்து ஐஸ்கிரீமுக்கு ருசி தேடுவது அநியாயமாகப் பட்டது. பெற்றவர்கள் யாரென்று தெரிந்த செல் வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அடுத்த மாதம் என் மனைவி கிருத்திகாவுக்கு ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்தது. அதில் என் கை எதுவும் இல்லை, எழுதிக்கொள்ளுங்கள். ஆறு வருடம் காத்திருந்து தங்கிய கரு. நானும் அழுதேன்.

எங்கள் பக்கத்தில் அப்படிப் போனதை எரிப்பதில்லை. சொந்தத் தோட்டத்தில் புதைப்போம். ஆஸ்பத்திரியில் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். மாமனாரின் தோட்டம் வடகரப்பதியில். போகிற வழியில் கஞ்சிக்கோட்டில் எங்கள் ஆய்வகம். டாக்டர் நம்பிக்கை இல்லை என்று சொன்ன அன்றே ஐஸ் பெட்டியை வண்டியில் எடுத்து வைத்திருந்தேன்.

துணிக்குள் ஏதாவது இருக்க வேண்டுமே. வழியில் ஒரு களத்தில் மட்டையோடு கிடந்த, முற்றிக் காய்ந்த சின்ன நெத்துத் தேங்காய் ஒன்றை எடுத்துச் சுற்றினேன். எடை கொஞ்சம் கூடுதல்தான். அழுகிறவர்கள் எடை பார்ப்பதில்லை. மாமனார் ஆறுச்சாமியிடமிருந்து மண்வெட்டியை நான் வாங்கிக்கொண்டேன். சித்திரை வெயிலில் மண் இறுகிக் கிடந்தது. ஒரு முழத்தோடு நிறுத்திவிட்டேன். அது என் சோம்பல், ஒத்துக்கொள்கிறேன்.

செல்கள் நன்றாகப் பிடித்துக்கொண்டன. பெற்றவர்கள் சம்மதத்தோடு வந்தவை என்றதும் ஜிபி நிம்மதியாக வேலையைத் தொடங்கினான். சம்மதப் படிவத்தில் தகப்பன் கையெழுத்து என்னுடையது. தாயின் கையெழுத்தையும் நானே போட்டேன். கிருத்திகா எழுந்திருக்க முடியாமல் படுத்திருந்தாள், அவளைத் தொந்தரவு செய்ய மனம் வரவில்லை.

ஆவணியில் அந்த இடத்தில் ஒரு முளை வந்தது. கிருத்திகா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள்.

"பாருங்க மாமா, நம்ம பாப்பா நம்மள உட்டுட்டுப் போகலைங்க."

அன்றைக்குத்தான் அவள் முகத்தில் திரும்பவும் சிரிப்பைப் பார்த்தேன். தினமும் குடத்தில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினாள். எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. அவளும் தேறினாள், ஆய்வும் நடந்தது, யாருக்கும் நஷ்டமில்லை.

ஆனால் மாமனார் நாற்பது வருடமாகத் தென்னை வைக்கிறவர்.

"ஏனுங்க மாப்பிள்ளை, நெத்துப் போடாம தென்னை முளைக்குமுங்களா?"

நான் பதில் யோசிப்பதற்குள் தோண்டிவிட்டார். மட்டையும், வேரும், வேரில் சிக்கிய துணியும் வந்தன. வேறொன்றும் இல்லை.

கிருத்திகாவிடம் அன்றே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் கத்தவில்லை.

"உசுரோட இருக்குதுங்களா?"

நான் பொய் சொல்லவில்லை. தினமும் பெருகுகிறது என்றேன்.

"கொண்டாந்து குடுங்க. நாம் பொதைக்கோணும்."

செல் நிரப்பிய பாதிக் குப்பிகள் மற்ற ஆய்வகங்களுக்குப் போய்விட்டன, இனித் திரும்பி வராது என்று பொறுமையாக விளக்கினேன். அதன்பிறகுதான் அவள் உங்கள் ஸ்டேஷனுக்குப் புகார் கொடுக்க வந்தாள்.

வீட்டைவிட்டு இறங்கும்போது, "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்களே" என்றாள். அதுதான் மனதை அறுக்கிறது. கேட்டிருந்தால் கட்டாயம் சம்மதித்திருப்பாள், சார். மாட்டேன் என்று சொல்லிவிடுவாள் என்பதால்தான் கேட்கவில்லை.