சார்போங்கின் இரங்கல் அறிவிப்பு

எனக்கு எழுத்துப்பிழை பிடிக்காது. அதனால்தான் நம் பழைய மாணவர் சங்கத்துக்கு இணையதளம் செய்ய ஆள் கேட்டபோது கை தூக்கினேன். சம்பளம் கிடையாது என்றீர்கள். பரவாயில்லை என்றேன். விசாரணைக் குழுவினர் மூவரும் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

தளமே மின்னஞ்சல் அனுப்ப வேண்டும் என்பது சங்கத்தின் தீர்மானம். சேர்பவருக்கு வரவேற்பு, பிறந்தநாளுக்கு வாழ்த்து, கூட்டத்துக்கு நினைவூட்டல், யாராவது காலமானால் இரங்கல். இரங்கலில் மட்டும் ஒரு சின்ன வசதி வைத்தேன். உறுப்பினர் படிவத்தில் 'பிடித்தது' என்ற கட்டத்தில் அவர் எழுதியிருப்பதை சர்வரே எடுத்துச் சேர்த்துக்கொள்ளும்.

முதல் தடவை நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் 'அன்புள்ள பெயர்' என்று போய்விட்டது. ஒருவர்கூடப் புகார் செய்யவில்லை. கடிதத்தை யார் திறந்தாலும் சர்வருக்குத் தெரியும். பார்த்தேன். ஆறு முறை திறக்கப்பட்டிருந்தது. அதில் நான்கு நான்.

மார்ச் மாதம் நம் கணக்கு வாத்தியார் காலமானார். ஒரு மணி நேரத்தில் முந்நூற்றுத் தொண்ணூறு பேர் அந்த இரங்கலைத் திறந்தார்கள். கடிதம் பார்க்க அழகாக இருக்கிறது என்று மூன்று பேர் பதில்கூடப் போட்டார்கள். வாத்தியாரை எனக்கும் பிடிக்கும், வருத்தமாகத்தான் இருந்தது. இருந்தாலும் அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

சார்போங் என் வகுப்புத் தோழன். சுவாமே பேட்டையில் லாரி உதிரிபாகக் கடை வைத்திருக்கிறான். என் நாற்பத்தொரு கடிதங்களையும் திறக்காமலே ஸ்பேம் என்று தள்ளியிருந்தான். ஒருவன் அப்படிச் செய்தால் மற்றவர்களின் அஞ்சல் பெட்டிகளும் நம் சர்வரைச் சந்தேகப்படத் தொடங்கும். நேரில் போய்க் கேட்டேன்.

"அதெல்லாம் நீ அனுப்புறதா? ஏதோ வெளம்பரம்னு நெனச்சேன்டா."

"கீழ என் பேரு இருக்குமே."

"கீழ வரைக்கும் யாருடா போவா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து, தளத்தில் அவன் பெயருக்கு எதிரே இருந்த 'உறுப்பினர்' என்பதை 'காலமானார்' என்று மாற்றினேன். ஒரே ஒரு கட்டம். கடிதத்தை அனுப்பியது சர்வர். 'தூக்கத்தைப் பெரிதும் விரும்பிய நம் சகோதரர் சார்போங் நம்மை விட்டுப் பிரிந்தார்' என்று ஒரு பிழை இல்லாமல் போயிற்று.

சிலர் அவன் எண்ணுக்கு அழைத்திருக்கிறார்கள். அவனே எடுத்து "ஹலோ" என்றதும் பயந்து வைத்துவிட்டார்களாம்.

நம் ஊரில் இறுதிச் சடங்கு என்றால் சனிக்கிழமைதானே, அன்று மதியம் நானும் அவன் வீட்டுக்குப் போனேன். தெரு முழுக்கக் கறுப்பும் சிவப்புமாகத் துக்க உடையில் ஆட்கள். சார்போங் முற்றத்தில் ஃபூஃபூக் களி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பந்தல்காரரும் நம் உறுப்பினருமான அம்போஃபோ இருநூறு நாற்காலிகளை லாரியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்.

"யோவ், நீ போயிட்டேன்னு மெயில் வந்துச்சே," என்றார் அம்போஃபோ.

"நான் சாப்பிட்டுட்டிருக்கேன்."

"அது தெரியுது. ஆனா மெயில்ல தெளிவாப் போட்டிருக்கு பாரு."

அவன் மனைவி டுஃபி லாரிக்குக் குறுக்கே வந்து நின்றாள். "பந்தலை எறக்காதீங்க அண்ணே. இன்னிக்கு எல்லாரும் வந்துட்டுப் போயிட்டா, இவரு நெஜமாப் போறப்ப யாரு வருவா?"

அப்போதுதான் அவன் அக்கா வந்து இறங்கினாள். ஐந்து மணி நேரப் பயணம். வழியெல்லாம் அழுது தொண்டை கட்டியிருந்தது. தம்பியைப் பார்த்தாள், கிட்டே போய் முதுகில் ஓங்கி ஓர் அடி போட்டாள். "உசுரோட இருந்துக்கிட்டு என்னை எதுக்குடா அழ வச்ச?" என்றாள். குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது. அவன் தோளிலேயே சாய்ந்து மறுபடி அழுதாள்.

சார்போங் கை கழுவிவிட்டு, பக்கத்தில் நின்றவரின் போனை வாங்கிக் கடிதத்தைப் படித்தான். முதல்முறையாகக் கீழ்வரை போனான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"டேய் துவுமாசி, அக்காவோட தொண்டையைப் பாருடா. என்னோட பேசணும்னா கடைக்கு வந்திருக்கலாமே."

அடிப்பான் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. ஆகவே பெரிய பாதிப்பு ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொண்டேன்.

கடவுச்சொல்லை ஒப்படைக்கச் சொல்லி எனக்கு மின்னஞ்சல் அனுப்பியதாகச் சொல்கிறீர்கள். பார்க்கவில்லை. ஸ்பேமில் விழுந்திருக்கும்.

சார்போங்குக்கு அடுத்துப் போன இரங்கலைப் பற்றியும் கேட்டீர்கள். அது என்னுடையது. வெறும் சோதனைதான். என் பெயருக்கு எதிரே 'காலமானார்' என்று போட்டேன். அம்போஃபோவிடம் பந்தலும் நூறு நாற்காலியும் வாடகைக்கு எடுத்தேன். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருந்தேன். சார்போங் மட்டும் கையில் ஒரு பாட்டிலோடு வந்தான்.

"செத்துட்டியான்னு பாக்க வந்தேன்."

"இல்லடா."

"தெரியும். நாற்காலியை இப்படிப் போடு."

பொழுது சாயும் வரை இருந்தான். கொஞ்ச நேரம் தூங்கினான்.

நானூற்று ஒருவர் என் இரங்கலைத் திறந்ததாக சர்வர் காட்டுகிறது. அது சர்வரின் பிழை. திறந்திருந்தால் வந்திருப்பார்கள் அல்லவா? இப்போது சரிசெய்துவிட்டேன். வரும் சனிக்கிழமைக்கு மறுபடி அனுப்புகிறேன். நீங்கள் மூவரும் முன்வரிசையில் உட்காரலாம்.