சென்னைக்கு வரும் பாலைத் தூசி

எங்கள் வீட்டில் தினமும் பெருக்கித் துடைப்பது நான்தான், மேடம். மயிலாப்பூரில் எங்கள் மாடிக் குடித்தனப் பெண்களுக்கெல்லாம் என் மனைவி ஸ்நேஹாமேல் பொறாமை. அவளுக்கு ஆஸ்துமா. தூசி ஆகாது.

என் ஆராய்ச்சியும் தூசியைப் பற்றியதுதான். பாலைவனத்தில் கிளம்பும் நுண்துகள் காற்றோடு நம் ஊர்வரைக்கும் வருகிறது. எவ்வளவு வந்தால் ஒரு நுரையீரல் திணறும் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. மனிதர்களிடம் சோதிக்க அனுமதி கேட்டேன். நெறிமுறைக் குழு மறுத்துவிட்டது. அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை.

ஜெய்சல்மேரிலிருந்து கொண்டுவந்த மண்ணைச் சலித்து, அந்தப் பொடியைப் படுக்கையறை ஏசிக்குள் வைத்தேன். மிகக் கொஞ்சம்தான். நான் கூடத்தில் படுத்துக்கொண்டேன். காலையில் மூச்சளவு பார்க்கும் கருவியில் அவளை ஊதச் சொல்வேன். இவ்வளவு அக்கறையான மாப்பிள்ளை யாருக்குக் கிடைப்பார் என்று மாமியார் சொல்வாராம்.

"ஸ்ரீ, பெசன்ட் நகர்ல அம்மா ஆத்துல நன்னா தூங்கறேன். இங்க வந்தாத்தான் மூச்சு முட்டறது," என்றாள் ஒருநாள்.

"அங்க கடல்காத்து," என்றேன். நம்பினாள். அவள் அங்கே போய் இருந்த நாட்களும் எனக்குத் தேவைப்பட்டன, ஒப்பிட்டுப் பார்க்க.

இளம் விஞ்ஞானி விருதை தில்லியில் கொடுத்தார்கள். என் கட்டுரையில் அவள் பெயரில்லாத ஒரு நோயாளி. அரங்கத்துப் படிகளை ஏற நெடுநேரம் ஆயிற்று அவளுக்கு. ஆனாலும் நான் விருது வாங்கும்போது எழுந்து நின்று கைதட்டினாள்.

அங்கேதான் ஒரு பேராசிரியர் கேட்டார், தூசி இரட்டிப்பானால் என்ன ஆகும் என்று. நியாயமான கேள்வி. போன செவ்வாய்க்கிழமை இரண்டு மடங்கு வைத்தேன். இன்ஹேலர் எடுத்தால் அளவு மாறிவிடும் என்பதால் அதை என் பையில் போட்டுக்கொண்டேன்.

"ஸ்ரீ... இன்ஹேலர் எங்க?"

"தேடறேன். அதுக்குள்ள ஒரு தரம் ஊது."

ஊதினாள். இன்னொரு தரம் ஊதச் சொன்னேன். அதற்கும் ஊதினாள். அடுத்த தரம் கருவி அவள் கையில் நிற்கவில்லை.

"கட்டின பொண்டாட்டி சார். எப்டி மனசு வந்துச்சு?" என்று சற்றுமுன் கேட்டீர்கள். வேறு யாரிடம் போவேன், மேடம்? வேறு யார் காரணம் கேட்காமல் ஊதுவார்கள்?

களைப்பாக இருக்கிறது. நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அந்தக் கடைசி இரண்டு அளவுகளைப் பேராசிரியருக்கு அனுப்ப மட்டும் விடுங்கள். இந்தமுறை அவள் பெயரையும் என் பெயரோடு போடுவதாக இருக்கிறேன். அவளுக்கு ரொம்ப சந்தோஷமாக இருக்கும்.