ஹெல்மெட்டில் காய்த்த தக்காளி

வெள்ளிக்கிழமை காலை, திருவொற்றியூர் அம்மனைக் கும்பிட்டுவிட்டு எண்ணூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். முன் சீட்டில் ஒரு கணவன் மனைவி. கணவர் மடியில் சோற்று டப்பா. அந்த அம்மாவின் மடியில் மல்லாத்தி வைத்த மஞ்சள் ஹெல்மெட். அது நிறைய மண், மண்ணில் ஒரு தக்காளிச் செடி. பஸ் குலுங்கியதும் அவர் அதை எட்டிப் பிடித்தார்.

"மெதுவா புடிய்யா, முழுகாம கீது."

"இன்னிக்கி எனக்கு ரிட்டயர்மெண்ட்மே. ஹெல்மெட்டத் திருப்பித் தரலன்னா கம்பெனி ஸ்டோர்ல கையெழுத்து போடமாட்டான். செடிய வூட்லயே புடுங்கிப் போடுன்னா கேக்க மாட்டேன்ற."

"ஆபீஸ்ல உக்கார வெச்சுட்டாங்கோ, இனிமே ஹெல்மெட் வாணாம்னு சொன்னது யாரு? நாலு காய் வுட்டுக்கீது. மனசு வந்தா அந்த ஸ்டோர்காரனே புடுங்கட்டும்."

"அடியில மூணு ஓட்ட வேற போட்டு வெச்சிக்கிற. கேட்டா இன்னா சொல்றது?"

"மண்டைக்குக் காத்து வர்றதுக்குன்னு சொல்லு."

"கம்பெனி சாமான்மே அது!"

"முப்பது வருசமா உன் தலைல தானே இருந்துச்சு? ஒரு எலையாச்சும் துளுத்துச்சா?"

எனக்குச் சிரிப்பு முட்டியது. கையிலிருந்த குங்குமம் கொட்டாமல் அடக்கிக்கொண்டு, தாயே, அந்தக் காய் உதிராமல் பார்த்துக்கொள் என்று வேண்டிக்கொண்டேன்.

 அவர் டப்பாவைத் திறந்து, காலை எட்டு மணிக்கே மதியச் சோற்றைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார்.

"யோவ், அதுக்குள்ளயா பசிக்குது?"

"இல்லமே. செடிய மண்ணோட எடுத்து இதுல வெய்யி. நாளையிலேர்ந்து எனக்கு எதுக்கு சோத்து டப்பா?"

"அப்ப கொழம்ப நல்லா வழிச்சித் துன்னு. செடிக்கு உப்பு ஆவாது."