கோட்டின் மூன்றாவது பொத்தான்

எங்கள் கடைக் கோட்டில் மூன்றாவது பொத்தான் மட்டும் பழுப்பு நிறம். மற்ற இரண்டும் கறுப்பு. ஒரு தீபாவளிக் கூட்டத்தில் பழைய பொத்தான் எங்கோ தெறித்துப் போனது. தேக்கா சந்தை மாடியில் தையல்காரரிடம் கொடுத்தேன். அவர் கைக்கு அகப்பட்டதைத் தைத்துக் கொடுத்தார். படத்தில் இதையெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள் என்று நானும் விட்டுவிட்டேன். நடந்ததை வாக்குமூலமாக எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள் சார். யோசித்துப் பார்த்தால் அந்தப் பொத்தானிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

என் பெயர் நடேசன். ஃபேரர் பார்க்கில் இருபத்திரண்டு வருஷமாக போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் துவாஸ் தொழிலாளர் விடுதிகளிலிருந்து தம்பிமார் வருவார்கள். ஊரில் பெண் பார்க்கிறார்கள் என்றால் இடுப்புவரை தெரிகிற மாதிரி ஒரு படம் வேண்டும். அவர்களிடம் கோட்டு இருக்காது. கடைக் கோட்டை மாட்டிவிட்டு, மரினா பே படுதாவுக்கு முன்னால் நிறுத்துவேன். வெல்டராக இருக்கட்டும், சாரம் கட்டுகிறவராக இருக்கட்டும், கோட்டு ஏறியதும் முதுகு தானாக நிமிரும். ஒரு சின்னப் பொய்தான். அதனால் எத்தனையோ கல்யாணம் நடந்திருக்கிறது.

கைப்பேசியிலேயே எல்லோரும் படம் எடுத்துக்கொள்ளத் தொடங்கிய பிறகு கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். வாடகை மட்டும் குறையவில்லை. அப்போதுதான், மூன்று வருஷத்துக்கு முன்னால், மழை பெய்த ஒரு மதியத்தில் திலீப் வந்தான். கடையில் வேறு யாரும் இல்லை. ‘கொற்கை காயின்’ என்று ஒரு கிரிப்டோ நாணயம் தொடங்கப் போவதாகச் சொன்னான். இணையதளத்தில் போட டெவலப்பர்கள் நான்கு பேருடைய முகம் வேண்டும், நம் ஆட்கள் முகமாக இருக்க வேண்டும் என்றான். அவனைப் பற்றி இதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அவன் அதிகம் பேசாதவன்.

மூன்று முகங்களைக் கணினியில் ஒட்டுப் போட்டுச் செய்தேன். தலைமை டெவலப்பருக்கு மட்டும் அது சரிப்படவில்லை; துணிக்கடை பொம்மை மாதிரி இருந்தது. ரெங்கசாமியின் படம் கோப்பில் இருந்தது. கப்பல் பட்டறையில் வெல்டர், அறந்தாங்கிப் பக்கம். “பெர்மிட்டு முடிஞ்சிருச்சுண்ணே, இனி இந்தப் பக்கம் வரமாட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். கோட்டில் அவனைப் பார்த்தால் எதையோ ஆழமாக யோசிக்கிற ஆள் போல இருக்கும். உண்மையில் கூச்சம்தான் அது. அவனுக்குக் கண்ணாடி மாட்டி, பாலகிருஷ்ணன் என்று பெயர் வைத்து, இரண்டு பட்டங்களும் கொடுத்தேன். திரும்பி வராத ஆள், யாருக்கும் தொந்தரவு இருக்காது என்றுதான் நினைத்தேன்.

அதன் பிறகு எனக்கு அதிக வேலை இல்லை. காலரைச் சரிசெய்யும்போது பேச்சு தானாக வரும். கொற்கை காயினில் நானும் பணம் போட்டிருக்கிறேன் என்பேன். சிலர் விவரமாகக் கேட்பார்கள். இந்த டெவலப்பர்கள் ஏன் ஒரு வீடியோவில்கூட வருவதில்லை, கேள்வி கேட்டால் ஏன் பதில் போடுவதில்லை என்பார்கள். “நிறைகுடம் தளும்பாது தம்பி” என்பேன். அந்தப் பதில் எல்லோருக்கும் பிடித்திருந்தது. வாய் ஓயாமல் பேசி ஏமாற்றிய ஏஜெண்டுகளைத்தான் அவர்கள் அதுவரை பார்த்திருந்தார்கள். பேசாத ஒருவனைப் பார்த்ததும் நம்பிக்கை வந்துவிட்டது.

சென்ற பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, போட்ட பணத்தை யாராலும் எடுக்க முடியாமல் போனது. அடுத்த ஞாயிறே பணம் போட்டவர்கள் விசாரணைக் குழு ஒன்று அமைத்தார்கள். கிளமெண்டியில் இருக்கும் வசந்தகுமாரி என்ற பள்ளி எழுத்தர்தான் அதற்குத் தலைவி. மகளுடைய படிப்புக்கு வைத்திருந்ததைப் போட்டவர். இந்த நாணயம் எங்கே பிறந்தது, டெவலப்பர்கள் யார் என்று கண்டுபிடிக்காமல் விடப் போவதில்லை என்றார். படங்களைப் பெரிதாக்கிக் கொடுக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. என்னைக் கேட்டார்கள். மறுத்தால் நன்றாக இருக்காது என்று நானும் குழுவில் சேர்ந்தேன்.

ஓர் உணவகத்தின் மாடியில் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பாலகிருஷ்ணனின் படத்தை நானே பெரிதாக்கித் திரையில் போட்டேன். பின்வரிசையிலிருந்து அருண்ராஜ் என்ற தம்பி எழுந்தான். ஒரு வருஷத்துக்கு முன் என்னிடம் மாப்பிள்ளைப் படம் எடுத்தவன்.

“அண்ணே, அந்தப் பொத்தானக் கொஞ்சம் பாருங்க. இது உங்க கடக் கோட்டுல்ல? நானும் போட்டிருக்கேன்.”

நாற்பது பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் பாதிப் பேர் அந்தக் கோட்டைப் போட்டவர்கள். கோட்டு என்னுடையது இல்லை என்று சொல்ல வழியில்லை. அந்த ஒரு நிமிஷத்தைப் பற்றித்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். நான் எதையும் திட்டமிடவில்லை. வாய் தானாகப் பேசியது.

“ஆமாம்பா, என் கோட்டுதான். இவன் வந்து படம் எடுத்துட்டுப் போனான். பேரு ரெங்கசாமி. வெல்டருன்னு சொன்னான், நானும் நம்பிட்டேன்.”

அறையே பெருமூச்சு விட்டது. வசந்தகுமாரி பேனாவை எடுத்தார்.

“அட்ரஸ் வச்சிருக்கீங்களா மிஸ்டர் நடேசன்? அது போதும்லா, மத்தத நாங்க பாத்துக்குறோம்.”

வைத்திருந்தேன். படத்தின் பிரதிகளை அவன் வீட்டுக்குத் தபாலில் அனுப்பச் சொல்லியிருந்தான். கடை நோட்டைப் பார்த்து, பின்கோடு வரை வாசித்தேன். எழுதும் வேலையில் நான் எப்போதும் சுத்தம்.

குழுவில் இருந்த பலருக்கு அறந்தாங்கிச் சுற்றுவட்டாரம்தான் ஊர். அண்ணன் தம்பிகளும் மாமன் மச்சான்களும் அவன் வீட்டுக்குப் போனார்கள். முதல் நாள் பத்துப் பேர், மறுநாள் ஐம்பது பேர். அன்றைக்கு ரெங்கசாமி என்னைக் கூப்பிட்டான்.

“அண்ணே, என்னென்னமோ கேக்குறாங்க, எனக்கு ஒண்ணும் வெளங்கல. எம் பொண்டாட்டி தங்கம் வேற முழுகாம இருக்கா. நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டீங்கன்னா போயிருவாங்க.”

“சொல்றேன்பா, நீ பயப்படாத” என்று வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு ஏழு தடவை கூப்பிட்டிருக்கிறான். கடையில் ஆட்கள் இருந்தார்கள். கூட்டத்தைக் கண்டால் அவனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கேட்டதற்கெல்லாம் பேசாமல் நின்றிருக்கிறான். ‘பாத்தியா, வாயத் தொறக்க மாட்டேங்கிறான், இவனேதான்’ என்றார்களாம். பேசாதவன்தான் டெவலப்பர் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். நான்காம் நாள் காலையில் அவனைக் கிணற்றிலிருந்து எடுத்தார்கள்.

ஒரு வாரம் கழித்துத் தங்கம் செய்தி அனுப்பியிருந்தாள். மாலை போட வீட்டில் நல்ல படம் இல்லை, கோட்டுப் போட்ட படத்தை அவர்கள் கிழித்துப் போட்டுவிட்டார்கள், இன்னொன்று கிடைக்குமா அண்ணே என்று. கண்ணாடி இல்லாத பழைய படத்தை எடுத்தேன். மூன்றாவது பொத்தானைக் கறுப்பாக்கி, பெரிதாக அச்சிட்டு, சட்டம் போட்டு அனுப்பினேன். காசு வாங்கவில்லை. அதை மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள்.

திலீப்பின் படம் ஏதாவது இருக்கிறதா என்று நேற்றுக் கேட்டீர்கள். இந்தத் தாள்களோடு ஓர் உறை வைத்திருக்கிறேன். உள்ளே இருக்கும் படத்தில் கோட்டு இருக்கிறது, மீசையைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன், பொத்தான் கறுப்பு. உங்களால் கண்டுபிடித்திருக்க முடியாது. அது அருண்ராஜின் படம். போன மாதம் அவன் ஊருக்குப் போய்விட்டான், இனி இந்தப் பக்கம் வரமாட்டான். உறையை ஒட்டும்போது என் இன்னொரு கை அவன் முகவரிக்காகக் கடை நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கே பயம் வந்துவிட்டது.

அருண்ராஜைத் தேடிப் போகாதீர்கள் சார். திலீப் என்று யாரும் இல்லை. அந்த மழையில் என் கடைக்கு யாரும் வரவில்லை. கொற்கை காயினைத் தொடங்கியவன் நான், பணத்தை எடுத்தவன் நான், அந்த நான்கு டெவலப்பர்களும் நான்தான். ரெங்கசாமி என்னிடம் கேட்டது இந்த ஒரு வார்த்தையைத்தான். அவன் இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் சொல்லியிருப்பேன்.