கண்ணாடியைக் கழற்ற வேண்டாம் என்றவள்

எனது பெயர் சிசிலி. தந்தை பெயர் கிறகரி. வயது 36. பிறந்த இடம் மன்னார். தற்போது கனடாவில் மொன்றியல் பியர்பொன்ட்ஸில் என் தம்பி டிலக்ஷனுடன் வசிக்கிறேன். டவுன்டவுனில் கண் வைத்தியர் ஒருவரிடம் ஏழு வருடங்களாக வரவேற்பாளராக வேலை செய்கிறேன். யாரும் அழைக்காமல் நானாகவே பொலிஸ் நிலையத்துக்கு வந்து, 2006 ஒக்டோபர் 23ஆம் திகதி இதைத் தமிழில் சொல்கிறேன், மொழிபெயர்ப்பாளர் எழுதுகிறார்.

டிலக்ஷனுக்கு வயது 20. கழகம் ஒன்றில் ஃபுட்போல் ஆடுகிறவன்; பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடி ஆளோடு ஆள் மோதும் ஆட்டம். கடந்த ஓகஸ்ட் மாதம் ஹெல்மெட்டின் முன்பக்கத்தில் பூட்டுவதற்கு வெள்ளி நிறக் கண்ணாடி ஒன்று வாங்கி வந்தான். அவன் அதைப் போட்டுக் காட்டியபோது முகம் தெரியவில்லை, எங்கள் குசினிதான் அதில் தெரிந்தது. கண்ணை மறைக்கும் கண்ணாடிக்கு அவர்களுடைய சங்கத்தில் அனுமதி இல்லை என்றும், வெளிச்சம் தாங்காத நோய் இருப்பதாக வைத்தியர் கடிதம் கொடுத்தால் மட்டும் விடுவார்கள் என்றும் சொன்னான். அவனுக்கு அப்படி எந்த நோயும் இல்லை. "அக்கா, ஒரு கடிதம்தானே. என்ர கண் எங்க பாக்குது எண்டு மற்றவைக்குத் தெரியக்கூடாது" என்றான். இரண்டு நாள் மறுத்தேன். அதன்பின் வைத்தியர் மதியச் சாப்பாட்டுக்குப் போன நேரம் அவருடைய கடிதத்தாளில் தட்டச்சு செய்து, அவருடைய கையொப்பத்தை நானே போட்டுக் கொடுத்தேன். வைத்தியருக்கு இது தெரியாது.

இம்மாதம் 14ஆம் திகதி சனிக்கிழமை பிற்பகல் ஆட்டம் பார்க்கப் போய் முன்வரிசையில் இருந்தேன். நல்ல வெயில். இரண்டாம் பாதியில் இருவர் ஒன்றாக மோதியதில் டிலக்ஷன் தலை அடிபட விழுந்தான். எழும்பி எதிர் அணியின் பக்கம் நடந்தான். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உடனே அணியின் முதலுதவிப் பொறுப்பாளர் மெலனி அவனை வெளியே கூட்டி வந்து, குனிந்து முகத்தைப் பார்த்தார். அவன் சுகம் என்று பெருவிரலை உயர்த்திக் காட்டினான். அதன்பின் மெலனி என்னிடம் வந்து, கண்ணில் வெளிச்சம் படக்கூடாது என்று கடிதத்தில் இருக்கிறதே, இந்த வெயிலில் ஹெல்மெட்டைக் கழற்றிப் பார்க்கலாமா என்று கேட்டார். அவன் வெயிலில் கண் கூசாமல் நின்றால் கடிதம் பொய் என்று தெரிந்துவிடும், என் வேலை போய்விடும் என்று பயந்தேன். கழற்ற வேண்டாம், அவன் சில நேரம் இப்படித் தடுமாறுகிறவன்தான் என்று யோசித்தே பதில் சொன்னேன். அதன்பின் அவனைத் திரும்ப ஆட விட்டார்கள். சில நிமிடங்களில் யாரும் தொடாமலே முழந்தாளிட்டு, அப்படியே முகங்குப்புற விழுந்தான்.

தலைக்குள் இரத்தம் கட்டியிருந்ததால் அன்றே அறுவைச் சிகிச்சை செய்தார்கள். ஆறாம் நாள் கண் திறந்தான். வலது கை இன்னும் எழும்பவில்லை. என்னை அம்மா என்று கூப்பிடுகிறான். அம்மா இறந்து பதினொரு வருடம்.

அதன்பின், காயப்பட்டவனைச் சரியாகச் சோதிக்கவில்லை என்று கழகம் மெலனியை விலக்கியது. நேற்று அவர் ஆஸ்பத்திரிக்கு வந்து, டிலக்ஷனின் சப்பாத்துகளைக் கழுவி ஒரு பையில் போட்டுத் தந்து, அழுது, தன்னை மன்னிக்கும்படி கேட்டார். நான் அவர் கையைப் பிடித்து, பரவாயில்லை என்றேன். அவர் "மெர்சி" என்று நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

இன்று வேலைக்குப் போகாமல் நேரே இங்கு வந்தேன். மெலனி மீது குற்றம் இல்லை.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். மெலனிக்கு நான் சொன்ன பதிலை 'யோசிக்காமல்' சொன்னதாக எழுதியிருந்தது. அதை வெட்டி 'யோசித்தே' என்று எழுதச் சொன்னேன், எழுதப்பட்டது. மற்றவை யாவும் நான் சொன்னபடியே உள்ளன, பொய் எதுவும் இல்லை என்று கையொப்பமிடுகிறேன்.

கி. சிசிலி